புள்ளியில் தொடங்குபவை

ரெயின்போ நகரில் தண்ணீர் வடிந்த நாலாம் நாள்
புது மெஷினைத் திறந்தேன்.
கறுப்புத் திரை, ஒரு டாலர் குறி, துடிக்கும் ஒரு கோடு.
எல் எல் என்று தட்டினேன்.
அப்படியொரு கட்டளை இல்லை என்றது.
பதினோரு வருடம் எனக்குப் பதில் சொன்ன சொல்.

பழையது மேசைக்கடியில்
முழங்கால் தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க நின்றது.
நெல்லித்தோப்புக் கடைக்காரப் பையன் திறந்து காட்டினான்:
விசிறிக்குள் சேறு, சேற்றில் ஒரு நத்தை.
"டேட்டா போச்சு சார்."
நத்தையை மட்டும் பத்திரமாக எடுத்து
வாசல் செடியில் விட்டான்.

மிச்சம், வேறெங்கோ ஒரு கிட் கிடங்கில்
எப்போதோ ஏற்றிவைத்த கோப்புறை.
இறக்கினேன். பட்டியல் கேட்டேன். காலி.
அப்புறம்தான் உறைத்தது, இவை புள்ளியில் தொடங்குபவை.
தலையில் புள்ளி விழுந்தால் எழுத்து உயிரை விடும்.
பெயருக்கு முன்னால் விழுந்தால் கோப்பு கண்ணுக்கு மறையும்.
மறைந்ததையும் காட்டு என்று தனியாகக் கேட்க வேண்டும்.
கேட்டேன்.
இதற்காகவே காத்திருந்த மாதிரி வந்து நின்றன.

அறுநூற்றுப் பதினான்கு வரி.
வெள்ளத்தன்று மாடிக்கு ஏற்றிய மூட்டைபோல
எல்லாம் ஒரே கோப்பில்.
பிரிக்க உட்கார்ந்தேன்.
பாதைகள் ஒரு கோப்பு. சுருக்குப்பெயர்கள் ஒன்று. வண்ணங்கள்.
அப்புறம் ஒரு கடவுச்சொல்,
இங்கே இருக்கவே கூடாதது,
ஏதோ ஒரு மார்ச் மாதத் தூக்கக் கலக்கத்தில் ஏற்றியது.
அழித்தாலும்
அழித்த தேதியோடு சேர்த்து வைத்திருக்கும் கிட்.
எழுந்துபோய் அதை மாற்றிவிட்டு வந்தேன்.

சுருக்குப்பெயர்களில் பாதி என் விரலின் பிழைகள்.
இந்த எழுத்தை முன்னால் தட்டிவிடுவேன் என்று தெரிந்து
பிழைக்கே ஒரு பெயர் வைத்து
சரியான இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.
வேறு யாரும் என்னை இவ்வளவு பொறுத்ததில்லை.

ரெட்டிச்சாவடி என்றால் கடலூர் சர்வர்.
முள்ளோடை என்றால் திரும்பிப் புதுச்சேரி.
அனிசேத் வைத்த பெயர்கள்.
சிப்காட் சாயக் கம்பெனியில் அவனும் நானும் இரவுப் பணி.
கன்னியக்கோயிலில் இறங்காமல் எல்லை தாண்டுகிற ஒரே ஆள்
இந்தக் கட்டளைதான் என்பான்.

இருநூற்று மூன்றாம் வரிக்கு மேல் அவன் குறிப்பு:
"இத எடுத்தா பிரிண்டர் பேசாது.
ஏன்னு எனக்கும் தெரியாது."
எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.
பிரிண்டர் இல்லை, கம்பெனியே இல்லை.
அனிசேத் ரீயூனியனில் இருப்பதாகக் கேள்வி.

பாதைக் கோப்பில்தான் கை நின்றது.
முதல் இடத்தில் அந்தக் கம்பெனியின் கோப்புறை.
நான் எந்தச் சொல்லைத் தட்டினாலும்
ஷெல் முதலில் அந்தக் கதவுக்குத்தான் போயிருக்கிறது,
கதவே இல்லை என்று கண்டு
அடுத்த கதவுக்கு நடந்திருக்கிறது.
ஒரு நாளைக்கு நூறு தடவை,
ஏழு வருடம்.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அழிக்க மனம் வரவில்லை.
வரிக்கு முன்னால் ஒரு வேலிக்குறி போட்டேன்:
அங்கேயே இருக்கும், படிக்கப்படாது.
மற்றவற்றுக்கு இணைப்புக் கொடுத்தேன்,
பெயர்ப்பலகை இங்கே
குடித்தனம் கிடங்கில்.

மூடித் திறந்தேன். எல் எல்.
வந்தது பட்டியல், பழைய நீலத்திலேயே.
காலையில் இதே மெஷின் விழிக்க ஒன்றேகால் நொடி,
இப்போது முக்கால்.
பிரிண்டரைத் தேடிய நேரமாக இருக்கும்.

எதிர்வீட்டு மாடியில் யாரோ
ஈரப் பாயை உதறிப் போடுகிறார்கள்.
மிஞ்சிய அரை நொடியை
என்ன செய்வதென்று தெரியவில்லை.